மேசைக்கு அடியில் மூன்றாவது

"விரிப்பை இன்னும் கீழ இழு. கால் தெரியுது," என்றாள் வீப்கே.

"மேசைன்னா கால் இருக்கத்தானே செய்யும்?" என்றான் அவள் கணவன் ஹென்னிங்.

"மேசைக் கால் இல்ல, பெட்டிக் கால்!"

நகராட்சி விதி ஒரே வரிதான்: வீட்டுத் தோட்டத்தில் இரண்டு தேனீப் பெட்டிகளுக்கு மேல் கூடாது. மூன்றாவது இருந்தால் அனுமதி ரத்து, எல்லாமே போய்விடும். தேனீக்கள் அதைப் படித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் தனிக்குடித்தனம் கிளம்பி செர்ரி மரத்தில் தொங்கியது. வீப்கே அதைப் பிடித்து மூன்றாவது பெட்டியில் விட்டாள். வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர் சனிக்கிழமைதான் வருவார். ஆய்வாளரோ இன்றே, செவ்வாய்க்கிழமையே, வருகிறார்.

காலையில் பெட்டியின் வாசலை வலை வைத்து அடைத்தாள். அப்போதிலிருந்து உள்ளே ஒரே முனகல்.

ஆய்வாளர் அஸ்முசன் என்ற பெண்மணி வந்தார். வேலியோரம் இருந்த இரண்டு பெட்டிகளையும் பார்த்தார். நேராக அந்த மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு காபி கிடைக்குமா?"

கிடைத்தது. கோப்பைக்குள் காபி நடுங்கியது.

"மேசை ஏதோ முனகுதே?"

"ஃப்ரிட்ஜ் மேடம்," என்றாள் வீப்கே.

"தோட்டத்துலயா?"

மனைவியைக் காப்பாற்ற ஹென்னிங் ஓடிப்போய்ப் புல்வெட்டும் இயந்திரத்தை முடுக்கினான். முனகல் அமுங்கியது. ஆனால் மணி ஒன்றரை. அந்த ஊரில் ஒன்றிலிருந்து மூன்று வரை எந்த இயந்திரமும் வாய் திறக்கக்கூடாது.

வேலிக்கு மேல் பக்கத்து வீட்டு டெட்லெஃபின் தலை முளைத்தது.

"ஏம்பா, உங்க வீட்டுல கடிகாரமே கிடையாதா? மனுஷன் மத்தியானம் கண்ணை மூட வேண்டாமா? நகராட்சிக்கு எழுதிப் போட்டுடுவேன்!"

"தபால் செலவு எதுக்கு? நகராட்சி இங்கதான் உட்கார்ந்திருக்கு," என்றார் அஸ்முசன், காபியை உறிஞ்சிக்கொண்டே.

தலை சட்டென்று மறைந்தது. ஹென்னிங் இயந்திரத்தை நிறுத்தினான். இரைச்சலில் எரிச்சலடைந்த தேனீக்கள் இப்போது இரண்டு மடங்கு சத்தம் போட்டன. அதிர்வில் வலையும் நகர்ந்திருக்க வேண்டும். விரிப்புக்கு அடியிலிருந்து ஒரு தேனீ வெளியே வந்து சர்க்கரைக் கிண்ணத்தில் உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"வழி தவறி வந்திருக்கும்," என்றாள் வீப்கே. அவளுக்கே அது எடுபடவில்லை.

அஸ்முசன் கோப்பையை வைத்தார். குனிந்து விரிப்பைத் தூக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

வீப்கே அவர் பக்கத்திலேயே குனிந்தாள். "சனிக்கிழமை இது போயிடும் மேடம். சத்தியமா. அந்த ரெண்டையும் எடுத்துடாதீங்க. நாலு வருஷமா வளர்க்கிறேன்."

அஸ்முசன் விரிப்பை மெதுவாக இறக்கிவிட்டார். வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இந்த மேசை எங்க வாங்கினீங்க? எங்க வீட்டு மூணாவது பெட்டி குளியல் தொட்டிக்குள்ள இருக்கு. நாலு நாளா யாரும் குளிக்கல."