புரட்டாசிக் கெட்டிமேளம்

பந்தாட்டத்தில் தோற்பவர்கள் இரண்டு வகை. முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் ஒரு வகை. ஆடி மாதத்திலிருந்து எதிரே வருகிற அணியை எல்லாம் துவைத்துக் காயப்போட்டு, ஆவணி முழுக்க மார்தட்டிவிட்டு, புரட்டாசியில் இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் மண்ணைக் கவ்வுகிறவர்கள் இன்னொரு வகை. எங்கள் திருக்கோகர்ணம் அணி இரண்டாவது வகை. நான் அந்த அணியின் ரசிகன். (ஆட்டக்காரனா என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு நாள் சேர்த்துக்கொண்டார்கள். ஓடி வந்து உதைத்தேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. என் கட்டைவிரல் நகம்தான் பறந்தது.)

எங்கள் புதுக்கோட்டையில் ஒரு வக்கீல் தம் தகப்பனார் ஞாபகமாக வெள்ளிக் கோப்பை ஒன்று கொடுத்திருந்தார். தெருவுக்கு ஓர் அணி சேர்ந்து அதற்காக மோதிக்கொள்ளும். இந்த யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தைய அந்த வருஷங்களில், இறுதி ஆட்டம் என்றாலே ஒரு பக்கம் நாங்கள், மறு பக்கம் கீழ ராஜ வீதி. கோப்பை யாருக்கு என்பதும் ஏறக்குறைய முடிவான விஷயம்.

எங்கள் கோல்கீப்பரும் கேப்டனும் ஒருவரே: என் தாய்மாமன் மகன் சிவசாமி மச்சான். பந்து எந்தத் திசையில் வந்தாலும் பல்லி மாதிரி தாவிப் பிடிப்பார். முதல் இறுதி ஆட்டத்தில் அப்படித் தாவியபோதுதான் அவருடைய குடுமி அவிழ்ந்தது. முகம் முழுக்க முடி. மச்சான் முடியை விலக்கிப் பார்த்தபோது பந்து வலைக்குள் இருந்தது. மறுநாளே போய்க் கிராப்பு வெட்டிக்கொண்டு வந்தார். மாமா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் குடுமித் தொல்லை இல்லை. ஆனால் இறுதி ஆட்டம் புரட்டாசிச் சனிக்கிழமையில் விழுந்தது. வெற்றிக்கு வேண்டிக்கொள்ளப் பெருமாள் கோயிலுக்குப் போன எங்கள் அணி, அங்கே கொடுத்த புளியோதரையையும் சர்க்கரைப் பொங்கலையும் பக்தியோடு ஒரு பிடி பிடித்துவிட்டு நேராக மைதானத்துக்கு வந்தது. இடைவேளை வரை பரவாயில்லை. அதற்கப்புறம் ஒருவராலும் ஓட முடியவில்லை. எங்கள் பின்காவல் ஆட்டக்காரர் ஒருவர் உட்கார்ந்தே விட்டார்.

அன்று சாயங்காலம் அணியினர் எல்லோரையும் வைத்துக்கொண்டு மச்சான் ஒரு சபதம் போட்டார்: கோப்பையை ஜெயிக்கிற வரை கல்யாணம் செய்துகொள்வதில்லை!

சபதம் போடுவதில் தவறில்லை. ஆனால் மச்சானுக்கு நிச்சயம் செய்திருந்த பெண் என் காமாட்சி அக்கா. அந்த ஐப்பசியில் நடக்க வேண்டிய கல்யாணம். பெரியவர்கள் கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். மச்சான் மசியவில்லை. கல்யாணம் நின்றது. மறு வருஷம் புரட்டாசி நெருங்கியதும் அக்கா என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, அந்தத் தோலுப் பந்துக்கும் என் கழுத்துக்கும் என்னடா சம்பந்தம்?"

"மச்சான் ஒரு லட்சியத்தோட இருக்காருக்கா."

"ஒங்க லட்சியத்தைக் கொண்டுபோய் அடுப்புல போடு. கீழ ராஜ வீதிக்காரன் வருசா வருசம் ஜெயிச்சுக்கிட்டே இருந்தா நான் கெழவியாகிற வரைக்கும் இங்கிட்டே ஒக்காந்திருக்கணுமா? இந்த வருசம் எப்படியாச்சும் ஜெயிக்க வையி. ஒன் பொறுப்பு."

பார்வையாளனாக உட்கார்ந்திருக்கிறவன் எப்படி ஜெயிக்க வைப்பது? இந்த யோசனை எனக்கு வரவில்லை. அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்து, வேலை ஒன்றும் கிடைக்காமல், தலை நிறைய ஐடியாவோடு திரிந்த காலம். வெற்றிக்குத் தேவை உற்சாகம், உற்சாகத்துக்குத் தேவை மேளம் என்று முடிவு செய்தேன். ஜெயித்த அந்த நொடியே மைதானத்தில் கெட்டிமேளம் முழங்க வேண்டும், மாலை விழ வேண்டும், ஊர்வலம் கிளம்ப வேண்டும். மேளம் காத்திருப்பதைப் பார்த்தாலே எங்கள் ஆட்கள் சிங்கமாகிவிட மாட்டார்களா?

தவில்காரர் ராமையா அண்ணன் எங்கள் தெரு. எங்கள் அணியின் பரம ரசிகர். அவருடைய தமையனார் நாயனக்காரர். புரட்டாசியில் ஏது கல்யாணம்? வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த இருவரும் உடனே சம்மதித்தார்கள்.

"ஆட்டம் முடிஞ்சா விசில் ஊதுவாங்கள்ல தம்பி, அதைக் கேட்டுக் கொட்டிடுறேன்" என்றார் ராமையா அண்ணன்.

"ஐயையோ, விசிலை நம்பாதீங்கண்ணே! ரெப்ரீ தொட்டதுக்கெல்லாம் ஊதுவாரு. நீங்க என் கையை மட்டும் பாருங்க. நான் கையைத் தூக்கினா கெட்டிமேளம்."

"அது போதும். கல்யாண வீட்டுலயும் அதுதானே பழக்கம்? ஒரு விரல் ஆடினாப் போதும், பிச்சு எறிஞ்சிடுவேன். கெட்டிமேளம் கொட்டி நாளாச்சுல்ல, கை நமநமங்குது."

(உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, கையைக் கட்டுப்படுத்தத் தெரியாத ஒரு பந்தாட்ட ரசிகனின் கையில் இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.)

ஆட்ட நாள். மைதானத்து ஓரத்தில் புங்கமரத்தடியில் மேளம். பக்கத்தில் கூடை நிறைய மாலைகள். வீட்டில் அக்கா ஆரத்தி கரைத்துவைத்துக் காத்திருந்தாள். நான் எல்லைக்கோட்டை ஒட்டி முன்வரிசையில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தேன். எறும்பு கடித்தது, சொறியவில்லை. ஈ மூக்கில் உட்கார்ந்தது; ஊதித்தான் விரட்டினேன். எங்கள் ஆள் ஒருவர் முதுகில் பந்து பட்டு எப்படியோ கோல் விழுந்தபோது ஊரே எழுந்து குதித்தது. நான் உட்கார்ந்தபடியே "ஆ! ஆ!" என்று கத்தினேன். பக்கத்திலிருந்தவர், "தேளு கீளு கொட்டிருச்சா?" என்று விசாரித்தார்.

ஒன்றுக்குப் பூஜ்யம். இடைவேளை போயிற்று. வெயில் தாழ்ந்தது. இன்னும் சில நிமிஷங்கள்தான். கீழ ராஜ வீதிக்காரர்கள் முழு மூச்சாக எங்கள் பக்கம் இறங்கினார்கள். அவர்களுடைய முன்னணி ஆட்டக்காரர் காதர் என்பவர். கோட்டைப்பட்டினத்துக்காரர். கீழ ராஜ வீதியில் தம் மாமாவின் ஜவுளிக்கடையில் வேலைக்கு வந்தவர். கடற்கரை மணலில் ஓடிப் பழகிய கால். கட்டாந்தரையில் கேட்க வேண்டுமா? எங்கள் கோலுக்குச் சற்றுத் தள்ளிப் பந்து எகிறியது. காதருக்கு முன்னால் ஓடிய ஆள் அதைக் கையால் தட்டி அவர் காலடியில் போட்டதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

"ரெப்ரீ! கையில பட்டுச்சு! ஹேண்டு! ஹேண்டு!"

எழுந்துவிட்டேன். எந்தக் கை தூக்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டையும்தான் என்கிறார்கள் பார்த்தவர்கள்.

பொழிந்தது பாருங்கள் கெட்டிமேளம்! புரட்டாசி முழுக்க அடக்கிவைத்திருந்ததை எல்லாம் ராமையா அண்ணன் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார். நாயனம் வானத்தைத் தொட்டது. தமிழன் காதில் கெட்டிமேளம் விழுந்தால் என்ன செய்வான்? எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ஆட்டம் முடிந்தது, ஜெயித்தோம் என்று அப்படியப்படியே நின்றுவிட்டார்கள். சிலர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கையில் கிடைத்த பூவையெல்லாம் ஜனங்கள் அள்ளி வீசினார்கள். எங்கள் தெரு ஆள் ஒருவர் ஓடிப்போய் மச்சான் கழுத்தில் பெரிய ரோஜா மாலையைப் போட்டார். மச்சானோ மாப்பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, வெட்கத்தோடு ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்கண்ணே!" என்று நான் இரண்டு கைகளையும் பலமாக ஆட்டினேன்.

கல்யாண வீட்டில் கையை ஆட்டினால் என்ன அர்த்தம்? "இன்னும் பலமாக" என்று அர்த்தம். ராமையா அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வேகத்தை இரட்டித்தார். நான் இன்னும் ஆட்டினேன். அவர் இன்னும் வெளுத்து வாங்கினார். கெட்டிமேளத்தைப் பாதியில் நிறுத்துவது அபசகுனம். அந்தப் பாவத்தை அவர் எந்த ஜன்மத்திலும் செய்ய மாட்டார்.

மைதானத்தில் நிற்காதவர் ஒரே ஒருவர்தான். காதர் பந்தை நிதானமாக உருட்டிக்கொண்டு வந்து, மாலையும் கழுத்துமாக நின்ற மச்சானைச் சுற்றிப் போய், கோலுக்குள் தள்ளினார்.

ரெப்ரீ பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். எங்கள் ஆட்கள் அவரை மொய்த்துக்கொண்டார்கள்.

"மேளம் கேட்டுத்தான் சார் நின்னோம்!"

"ஆட்டத்துக்கு ரெப்ரீ நானா, தவிலா?" என்றார் அவர். கோல் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

சமநிலை. கூடுதல் நேரம் கொடுத்தார்கள். எங்கள் ஆட்களுக்குக் காலில் உயிரில்லை. ஜெயித்த சந்தோஷத்தை ஒரு முறை அனுபவித்துவிட்டவனை மறுபடி ஓடச் சொன்னால் எப்படி ஓடுவான்? காதர் இன்னொன்று போட்டார். முடிந்தது.

நான் புங்கமரத்துக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். அதற்குள் காதரே என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"எங்க போறீங்க தம்பி? இன்னிக்கு எங்க பக்கம் பன்னெண்டு பேரு. பன்னெண்டாவது ஆளு நீங்கதான்!"

எங்கள் கூடையிலிருந்தே ஒரு மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டார்.

"மேளம் கேட்டும் நீங்க மட்டும் ஏங்க நிக்கல?" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"கெட்டிமேளம் கேட்டதும் ஒங்காளுக எல்லாம் நின்னுட்டாங்க. நான் கல்யாண வீட்டுக்குப் போனா நேரா பந்திக்கு ஓடுற ஆளு தம்பி. பழக்கம், ஓடிட்டேன்."

மேளமும் அவர்களோடு போயிற்று. "வந்த எடத்துல கொட்டாமத் திரும்பினா நல்லாருக்காது தம்பி, தப்பா நெனைக்காதீங்க" என்று ராமையா அண்ணன் தவிலை மாட்டிக்கொண்டார். ஆக, நான் ஏற்பாடு செய்த ஊர்வலம், நான் போட்ட திட்டப்படியே, எங்கள் தெரு வழியாகவே கிளம்பியது. முன்னால் மேளம். நடுவில் காதர் கையில் கோப்பை. அவர் பக்கத்தில் மாலையோடு நான். கடைசியில் மச்சான். மாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நடந்து வந்தார்.

மேளச் சத்தம் கேட்டு அக்கா ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பின்னாலேயே அப்பா.

"ஜெயிச்சாச்சாடா?"

"ஜெயிச்சாச்சுக்கா... நம்ம ஆளுக இல்ல."

அக்கா என்னைப் பார்த்தாள். கோப்பையைப் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ நடந்ததை ஒன்று விடாமல் விளக்கினார். தட்டு என் தலைமேல் கவிழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கவிழவில்லை. திறந்து பார்த்தால், அக்கா என்னைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி, மச்சானிடம் போய்க்கொண்டிருந்தாள். அத்தனை பேர் நடுவில் அவள் மச்சானிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"மேளம் கொட்டியாச்சு. மாலை விழுந்தாச்சு. ஊர்வலம் வாசலுக்கு வந்தாச்சு. ஊரு முழுக்கப் பூ வேற போட்டிருக்கு. இன்னும் பாக்கி தாலி ஒண்ணுதான். அதைக் கட்டுறீங்களா, இல்ல அதுக்கும் டிரில் வாத்தியார் விசில் ஊதணுமா?"

மச்சான் மாலையைத் தொட்டுப் பார்த்தார். காதர் முதலில் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. "ஐப்பசியில முகூர்த்தம் பாத்துருவோம்" என்றார் அப்பா, அவசர அவசரமாக.

சபதம் அத்தோடு போயிற்று. கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் ராமையா அண்ணன், "அந்தத் தம்பி கை எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார். மாமா ஒன்றையும் காதர் ஒன்றையும் பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்ன பிறகே தவிலைத் தொட்டார். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும், முகூர்த்தத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் "அவன் கை எங்க?" என்று கேட்காமல் இருப்பதில்லை. பொண்ணு மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

போன புரட்டாசியில் மறுபடி இறுதி ஆட்டம். என்னை மைதானத்தில் விடுவதற்கு ஒரு நிபந்தனை போட்டார்கள்: அக்காவின் குழந்தையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் கடைசி நேரத்தில் எங்கள் ஆள் அடித்த பந்து கோலுக்குள் போகிறது என்று நினைத்துக் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. குழந்தை வீறிட்டது. மச்சான் "என்னாச்சு புள்ளைக்கு?" என்று திரும்பினார். காதருக்கு அது போதாதா?

இந்த வருஷமும் எங்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கிறது. நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என்னை என்ன செய்வது என்று வீட்டில் ஆலோசனை நடந்தது. கட்டிப்போடலாம் என்றார் அப்பா. அன்றைக்கு மட்டும் கோட்டைப்பட்டினத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார் மச்சான். அக்கா குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"எதுக்கு அனுப்பணும்? கீழ ராஜ வீதிக்காரங்க பக்கத்துல கொண்டுபோய் ஒக்கார வையுங்க. இத்தனை வருசம் நமக்குச் செஞ்சதை ஒரு வருசம் அவுகளுக்குச் செய்யட்டும்."