டூர் அண்ணாச்சியும் சேலத்தில் நின்ற வேனும்

ஞாயிற்றுக்கிழமை தூங்குவது சட்டப்படி குற்றம் என்று நம்பிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் டூர் அண்ணாச்சிதான். ஓசூர் சிப்காட் பக்கம் நாங்கள் குடியிருந்த மொட்டைமாடி அறைகளில், நைட் ஷிப்ட் முடித்து வந்து விழுந்தவன்கூட அவருடைய விசிலுக்குத்தான் எழுந்தாக வேண்டும். அரை டவுசர், கழுத்தில் துண்டு, வாயில் விசில். கதவைத் திறந்தால் எதிரே நிற்பார்.

"ஏல, ஊரு உலகமெல்லாம் வெளிய கெடக்கு. நீங்க பாயில கெடக்கியளே!"

திருச்செந்தூருக்குத் தெற்கே ஏதோ ஒரு கடற்கரைக் கிராமம் அவருக்கு. கம்பெனியில் என் பக்கத்து மெஷின். ஐம்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. ஊரில் தங்கச்சி மட்டும்.

ஒரு ஞாயிறு எங்களைக் கெலவரப்பள்ளி அணைக்கு ஓட்டிப் போனார். நாங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அவர் அணையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது என்ன தண்ணி? நின்ன எடத்துல நிக்கி. கடலுன்னா அதுவா நம்மளத் தேடி வரணும்லா?"

இன்னொரு ஞாயிறு மலைக்கோயிலுக்கு ஏற்றினார். நாங்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டோம். அவர் மட்டும் தெற்கே பார்த்தபடி நின்றார். அந்தப் பக்கம் கம்பெனிக் கூரைகளைத் தவிர எதுவும் இல்லை. கிளம்பலாம் என்று மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார்.

ஆயுத பூஜை லீவுக்கு எல்லோரையும் தன் ஊருக்கே கூட்டிப்போவதாக அறிவித்தார். வள்ளத்தில் சவாரி, கடல் குளியல், நண்டு பிடி, மணலில் கபடி. மாடி முழுக்கக் கை தூக்கியது. அன்று தங்கச்சியிடம் போனில் அவர் கத்தியது தெருமுனைவரை கேட்டது. "எனக்கு அங்க யாரு இருக்கான்னு கேப்பல்லா? வாரோம் பாரு, ஒரு வேன் நெறைய!"

லீவு வந்தது. ஒருவனுக்கு ஓவர்டைம். ஒருவனுக்குக் காய்ச்சல். பக்கத்து அறை மஞ்சுநாத், "ஸாரி குரு, வீட்ல பொண்ணு பாக்க கூப்ட்டாங்க" என்று தளிப் பக்கம் பஸ் ஏறிவிட்டான். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்றது நான் ஒருவன். தர்மபுரிக்காரனான நான் கடலை அதுவரை போனில்தான் பார்த்திருந்தேன்.

அண்ணாச்சி பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு பஸ் படியில் நின்று விசில் ஊதினார். "எல்லாரும் ஏறுங்க!" நான் ஏறினேன்.

மறுநாள் அவர் வீட்டு வாசலில் கல்யாண வீட்டு அண்டா ஒன்றில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தங்கச்சி எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"மத்தவியல்லாம் எங்கண்ணே?"

ஒரு வருஷமாக ஓயாமல் பேசியே எங்களைக் கொன்ற மனிதர், செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

"வேன் சேலத்துல நின்னுடுச்சுக்கா" என்றேன். "ரெடி பண்ணிட்டு வந்துடுவாங்க."

அதன் பிறகு புரோகிராமில் ஒரு வரிகூட அவர் குறைக்கவில்லை. "வரிசையா வாங்க!" என்றார். வரிசை என்பது நான்தான். வள்ளத்தில் ஏற்றினார். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் காலையில் சாப்பிட்டதைக் கடலுக்கே கொடுத்துவிட்டேன். "மீனுக்கு நல்லதுதான்" என்று முதுகைத் தடவினார். குளித்தோம். நண்டு என் விரலைப் பிடித்ததும் நண்டு பிடி ஆட்டம் முடிந்தது. கபடிக்கு அவர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. "கபடி கபடி" என்று மூச்சுப் பிடித்து வந்தவர், கோட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டார். நீளமான கரை. எங்கள் இருவர் காலடி மட்டும் கிடந்தது.

"இவ்வளவு எடத்துக்கு ரெண்டு பேருதாம்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மத்தியானம் தங்கச்சி எதுவும் கேட்காமல் கரைவலை இழுத்தவர்களை எல்லாம் கூப்பிட்டு இலை போட்டார். அண்ணாச்சி பந்தியில் குழம்பு வாளியோடு ஓடி ஓடிப் பரிமாறினார். அன்று அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

கிளம்பும்போது தங்கச்சி என் கையில் கனமான ஒரு தூக்குவாளியைத் திணித்தார். உள்ளே வறுத்த மீன்.

"சேலத்துல வேன்ல இருக்காவல்லா, அவியளுக்கு" என்றார். முகத்தில் துளி சிரிப்பில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க மறுபடி வாங்க தம்பி" என்றார்.

பஸ்ஸில் அண்ணாச்சி வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அடுத்த தடவ எல்லாரும் வருவாவ, என்ன?"

"வருவாங்க அண்ணாச்சி."

கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். நல்ல கனம். கை மரத்துவிட்டது. விடிந்து கிருஷ்ணகிரி வந்தபோது டீக்கு இறங்கச் சொன்னார்கள்; பஸ்ஸே காலியானது. நான் அசையவில்லை.