புதுச்சத்திரத்தில் எழவு, சிங்கப்பூரில் ஐஸ்கிரீம்

பெரியப்பா செத்துப்போன மறுநாள் தனப்பிரியா சிங்கப்பூரில் ரோட்டோரம் நின்று ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள்.

சாதாரண ஐஸ்கிரீம் இல்லை. வண்டிக்காரர் ஐஸ்கிரீமைக் கட்டியாகக் கத்தியால் வெட்டி, பச்சையும் ரோஸுமாக இருந்த ரொட்டிக்குள் வைத்து மடித்துக் கொடுத்திருந்தார். முதல் கடியிலேயே தனப்பிரியாவுக்குக் கண் சொருகியது.

"அம்மா, ரொட்டிக்குள்ள ஐஸ்கிரீம்! நம்ம நாமக்கல்ல ஒருத்தருக்குக்கூட இந்த யோசனை வரலையே!"

"மெதுவாத் தின்னு சாமி, மேலெல்லாம் ஊத்திக்காத," என்றாள் அம்மா வித்யா. அவள் கையில் இருந்தது இரண்டாவது.

அப்போதுதான் அப்பா மோகன்குமாரின் செல்போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பிரின்சிபாலு கூப்படறாரு!"

"எடுக்காதீங்க!" என்றாள் வித்யா.

மோகன்குமாருக்குப் புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை. கூடவே தீவன ஏஜென்சி. அந்த வருடம் நிறைய விற்றதற்காகத் தீவனக் கம்பெனி குடும்பத்தோடு சிங்கப்பூர் டிக்கெட் கொடுத்திருந்தது. தேதியையும் கம்பெனியே குறித்துவிட்டது. பள்ளிக்கூடம் மும்முரமாக நடக்கிற நேரமாகப் பார்த்துக் குறித்ததுதான் வினை.

தனப்பிரியா ஒன்பதாம் வகுப்பு. அதாவது, ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புப் பாடம் படிக்கிறாள். நாமக்கல் பக்கம் நல்ல பள்ளிக்கூடம் என்றால் அப்படித்தான். அங்கே தாளாளர் போட்ட சட்டம் ஒன்று உண்டு: வீட்டில் சாவு விழுந்தால் மட்டுமே லீவு. காய்ச்சலுக்குக் கிடையாது, கல்யாணத்துக்கும் கிடையாது. பிள்ளைகளுக்கும் அதே சட்டம், பிரின்சிபால் முதற்கொண்டு வாத்தியார்களுக்கும் அதே சட்டம். பொய் சொல்லி லீவு எடுத்த பிள்ளை என்று தெரிந்தால் அன்றைக்கே டி.சி.

ஆகவே யாராவது செத்தாக வேண்டியிருந்தது. மோகன்குமாரின் அண்ணன் வேலுமணிதான் பெரிய மனதோடு முன்வந்தார்.

"என்னயச் சாகடிச்சாத்தான் புள்ள ஊரு பாக்க முடியுமுன்னா தாராளமாச் சாகடிடா. ஆனா மாரடைப்புன்னு சொல்லு. வேற எதையாச்சும் கேவலமாச் சொல்லிப்போடாத."

எல்லாவற்றையும் யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தால் மன்னித்துவிடுவார்கள். சாவுக்குப் போகாமல் இருந்தால் ஏழு தலைமுறைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

ரயிலில் ஏறியதும் போன் மறுபடியும் அடித்தது. தனப்பிரியா முதல் பெட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். டிரைவரே இல்லாத ரயில்! சுரங்கத்துக்குள் விளக்குகள் அவளை நோக்கிப் பாய்ந்து வந்தன. தானே அதை ஓட்டுவதுபோல அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இன்னொரு தடவை எடுக்காவிட்டால் சந்தேகம் வரும் என்று மோகன்குமார் எடுத்தார்.

"ஏனுங்க மோகன்குமார், மனசத் தேத்திக்குங்க," என்றார் பிரின்சிபால் கௌதமன். "எடுத்தாச்சுங்களா?"

"இப்பத்தானுங்க... எடுக்கறோம்."

அந்த நேரம் பார்த்து ரயிலில் தமிழிலேயே அறிவிப்பு வந்தது. இறங்குகிறவர்களுக்கு வழிவிடும்படி ஒரு பெண்குரல் கணீரென்று சொன்னது.

"யாருங்க அது, வழிவிடச் சொல்றது?"

"செரியான கூட்டமுங்க சார். தூக்கறதுக்கு எடமில்லைன்னு மைக்குல சொல்றாங்க."

"அவ்வளவு செல்வாக்கான மனுசனுங்களா! நாளைக்குச் சாயங்காலம் நானும் டீச்சருங்களும் வேன்ல ஊட்டுக்கு வாரோமுங்க."

"ஐயோ, வேண்டாமுங்க! நாளைக்கு நாங்க ஊட்ல இருக்க மாட்டோம். அஸ்தி கரைக்க ராமேஸ்வரம் போறோமுங்க."

"பரவால்லீங்க. அவரு சம்சாரம் இருப்பாங்கள்ல? அவங்களையாச்சும் பாத்துப்போட்டு வாரோம்."

போன் வைக்கப்பட்டது. மோகன்குமாருக்கு ஏசி ரயிலில் வியர்த்து ஊற்றியது.

தனப்பிரியாவுக்கும் பயம்தான். ஆனால் பயப்படுவதற்கு அந்த ஊர் இடம் கொடுக்கவில்லை. ஹாரன் சத்தமே இல்லாத ரோடு, கிட்டப் போனால் தானே ஊற்றும் குழாய், பச்சை விளக்கு எரிந்ததும் லாரி பஸ் எல்லாம் தனக்காக நிற்பது என்று ஒவ்வொன்றுக்கும் அவள் துள்ளினாள். அந்தப் பச்சை விளக்குக்காகவே ஒரு ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நான்கு தடவை கடந்தாள். இத்தனையிலும் அவள் உயிரை வைத்துக் காத்திருந்தது ஒன்றுக்குத்தான். கடலோரத் தோட்டத்தில் பத்து மாடி உயரத்துக்கு இரும்பு மரங்கள் நிற்குமாம். ராத்திரியில் பாட்டுக்குத் தக்கபடி அவை ஒளிருமாம். அடியில் மல்லாக்கப் படுத்துப் பார்க்க வேண்டுமாம். நாளை ராத்திரி அங்கே போவதாகத் திட்டம். அதற்கடுத்த நாள் காலையில் விமானம்.

மோகன்குமார் ஓட்டலுக்கு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணா, நாளைக்கு நீங்க பண்ணைக்குப் போயி ஒளிஞ்சுக்குங்க. துக்கம் கேக்க வர்றவங்களை அண்ணி பாத்துக்கட்டும்."

"உங்க அண்ணி அப்பவே பெட்டியக் கட்டீட்டா. 'குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கற மனுசனுக்கு நான் எதுக்கு அழோணும்'னு ராசிபுரத்துக்கு அவங்க அம்மா ஊட்டுக்குப் போயிட்டா."

"அப்ப ஊட்டப் பூட்டிருங்க."

"எழவு ஊட்டப் பூட்டுவாங்களாடா? ஊரு என்ன பேசும்? நானே பாத்துக்கறேன். செத்தவனோட தம்பின்னு சொல்லிக்கறேன்."

"தம்பி நானுங்ணா!"

"ஏன், செத்தவனுக்கு ரெண்டு தம்பி இருக்கக் கூடாதா?"

மறுநாள் காலையில் மோகன்குமாருக்கு இட்லிக்குப் பதிலாக வைத்திருந்த எதுவும் இறங்கவில்லை. அவித்த முட்டையை மட்டும் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "ஓடு மெல்லிசு. கோழிக்குச் சுண்ணாம்புச் சத்துப் பத்தல," என்று துக்கத்தோடு கீழே வைத்தார்.

சாயங்காலம் மூவரும் தோட்டத்துக்குக் கிளம்பித் தயாராக நின்றார்கள். தனப்பிரியா புது ஷூவை மாட்டியிருந்தாள். அப்போது வேலுமணியின் எண்ணிலிருந்து வீடியோ கால் வந்தது. அண்ணன்தானே என்று மோகன்குமார் எடுத்தார். திரை முழுவதும் பிரின்சிபால் கௌதமனின் முகம்.

"ராமேஸ்வரம் போய்ச் சேந்தாச்சுங்களா? பாப்பாகிட்டக் குடுங்க, ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்லோணும்."

வித்யா சட்டென்று மகளைச் சுவரோரம் இழுத்து நிறுத்தி, ஜன்னல் திரை மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். முகம்தான் சிக்கல். இரண்டு நாளாக விரிந்திருந்த சிரிப்பு, உதட்டை எப்படி மடக்கினாலும் கன்னத்தில் வந்து நின்றது.

"அழு அம்மிணி," என்று வித்யா கிசுகிசுத்தாள்.

"வரமாட்டேங்குதும்மா."

"லைட்டு மரம் இன்னிக்குக் கெடையாது. போகப் போறதில்ல."

அவ்வளவுதான், தனப்பிரியா கேவிக் கேவி அழுதாள். அந்தப் பக்கம் டீச்சர்கள் எல்லோரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

"பெரியப்பா மேல எவ்வளவு பாசம் பாருங்க," என்றார் பிரின்சிபால்.

"இருக்காதுங்களா?" என்று பக்கத்தில் இருந்த வேலுமணி திரைக்குள் தலையை நீட்டினார். "எங்க அண்ணனாட்டம் ஒரு தங்கமான மனுசன் இந்த ஜில்லாவுலயே கெடையாதுங்க. கைராசிக்காரரு. நல்ல அழகனுங்க வேற!" தன்னைப் பற்றித் தானே சொன்னதில் அவருக்கே நிஜமாக அழுகை வந்துவிட்டது.

தனப்பிரியா அழுதபடியே சுவரில் சாய்ந்தாள். சுவரில் ஒரு சுவிட்ச் இருந்தது. ஜன்னல் திரை தானாகவே சர்ரென்று திறந்துகொண்டது.

இருட்டில் ஊரே ஜொலித்தது. வானத்தை முட்டும் கட்டடங்கள், கலர் கலராக மின்னும் தண்ணீர், அதற்கு நடுவே உயரமான மூன்று கோபுரங்களின் தலையில் கப்பலைத் தூக்கி வைத்ததுபோல் ஒரு கட்டடம்.

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, இங்க இன்னும் வெயில் அடிக்குதே. அங்க இருட்டிருச்சுங்களா?"

"கடலோரமுங்க சார்," என்றார் மோகன்குமார். "வெரசா இருட்டீரும்."

"அந்தக் கப்பல் எதுக்குங்க மாடிமேல நிக்குது?"

மோகன்குமார் வாயைத் திறப்பதற்குள் வேலுமணி குறுக்கே பாய்ந்தார். "எங்க அண்ணனுக்குக் கப்பலுன்னா உசுருங்க!" என்று ஓவென்று அழுதார். போன் நின்றுவிட்டது.

மோகன்குமார் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"போச்சு. திங்கக்கெழம டி.சி.யைக் கையில குடுத்திருவாரு. நடுவருசத்துல எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துவாங்க?"

"எல்லாம் உங்களால! அஸ்தி கரைக்கக் கொடுமுடின்னு சொல்லியிருந்தா காவேரி ஆத்தோட முடிஞ்சிருக்கும்," என்றாள் வித்யா.

தனப்பிரியா மூக்கை உறிஞ்சினாள். பள்ளிக்கூடத்தையும் தோழிகளையும் விட்டுப் போக அவளுக்கு இஷ்டமில்லை. ஆனாலும் ஷூவைக் கழற்ற மனம் வரவில்லை.

"அப்பா, டி.சி. திங்கக்கெழமதான குடுப்பாங்க? லைட்டு இன்னிக்குத்தான. போலாம்ப்பா."

மோகன்குமார் மகளைப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார்.

அந்த ராத்திரியைத் தனப்பிரியா சாகும்வரை மறக்கமாட்டாள். மரங்கள் ஊதாவாகி, நீலமாகி, திடீரென்று எல்லாம் சேர்ந்து பொன்னாக எரிந்தபோது அவள் தரையில் மல்லாந்து படுத்தபடி, "ஐயோ அப்பா, ஐயோ அம்மா!" என்று கத்தினாள். பக்கத்தில் படுத்திருந்த சீனாக்காரக் குடும்பம் அவளைப் பார்த்துக் கைதட்டியது. மோகன்குமாரும் பேண்ட் அழுக்காகிவிடும் என்ற கவலையை மறந்து படுத்துவிட்டார். பாட்டு முடிந்தபோது மூவரும் எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே கிடந்தார்கள்.

திங்கட்கிழமை காலை. பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னால் அப்பாவும் மகளும் இறங்கினார்கள். காலில் விழுந்தாவது கெஞ்சிவிடுவது என்று மோகன்குமார் முடிவுசெய்திருந்தார். தனப்பிரியா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

வாட்ச்மேன் சுப்பையன் அவர்களைக் கண்டதும் விடுவிடுவென்று வந்தார்.

"பிரின்சிபாலு ஐயா உங்கள உள்ளார வர வேண்டாமுன்னுட்டாருங்க."

மோகன்குமார் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். "டி.சி.யத் தயார் பண்ணீட்டாருங்களா?"

"டி.சி.யுங்களா? அது எதுக்குங்க? பாப்பா கிளாசுக்குப் போகட்டும்."

தனப்பிரியா நகரவில்லை. சுப்பையன் தாளாளர் அறைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, மோகன்குமாரின் காதோரம் குனிந்தார்.

"அடுத்த மாசம் ஐயாவோட மாமனார் சாகப் போறாருங்களாம். மாடிமேல கப்பல் தெரியற அந்த ரூமு எந்த ஓட்டலுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாருங்க."