புனித பற்றிக்குக்கு எதிரான துண்டுப்பிரசுரம்

முதலாவது அநீதி, 1991 ஒக்ரோபர்: ஹலோவீனுக்குப் பூசணிக்காய் குடைந்தேன். இரண்டாவது, 1992 ஒக்ரோபர்: நன்றி நவிலும் நாளுக்கு வான்கோழி வெட்டினேன். மூன்றாவது, அதே வருட டிசம்பர்: மோர்னிங்சைட் பஸ்ஸில் நத்தார் மரத்தை மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மூன்றும் என் மனைவி எமில்டாவின் உத்தரவு. நானோ ஊரில் தோழர் சச்சிதானந்தன் என்ற பெயரில் முப்பது வருடம் கடவுளுக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் எழுதியவன்.

1994 மார்ச்சில் நான்காவது வந்தது. புனித பற்றிக் திருநாள். எமில்டாவின் பங்குக் குருவானவர் ஐரிஷ்காரர். ஆகவே மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் பெற்றாரும் எங்கள் வீட்டில் கூடி, சாப்பிட்டு, பற்றிக்கின் கதை கேட்பார்களாம்.

"பகிஷ்கரிப்பு!" என்றேன். "அறையை விட்டு வெளியிலை வரமாட்டன்."

"வராதேங்கோ. உங்களுக்கு உந்தக் கதையும் தெரியாதுதானே."

"ஆருக்குத் தெரியாது? மறுப்பு எழுதவெண்டு ஒரு கிழமையா லைப்ரரியிலை படிச்சனான்!"

"விடுங்கோப்பா. மேல்மாடிச் சீமோன் அண்ணை சொல்லுவார்."

சீமோன் பேச எழுந்தால் கூட்டமும் எழுந்துவிடும், வீட்டுக்குப் போக.

அன்று கதவுக்குப் பின்னால் நின்றேன். பச்சை நிறத்துக்காகக் கீரைப் பிட்டு, அயர்லாந்துக்காக உருளைக்கிழங்குப் பிரட்டல். வாசனையைத் தாங்கினேன், உண்ணாவிரதம் கண்ட உடம்பு. சீமோனைத்தான் தாங்க முடியவில்லை.

"பற்றிக்கைக் கொள்ளைக்காரர் பிடிச்சுக்கொண்டு போனவை. ஆடு மேய்ச்சார். பிறகு... பெரியாளா வந்திட்டார்."

"How, அங்கிள்?" என்றது ஒரு பிள்ளை.

சீமோன் தொண்டையைச் செருமினார். எமில்டாவின் குரல் என் கதவை நோக்கி வந்தது: "அவர் ராசாவுக்குப் பயந்து அடங்கி இருந்தவர், பிள்ளையள்."

கதவு தானாகத் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன்.

"பொய்! ராசா தடைபோட்ட நெருப்பை மலையிலை மூட்டினவர்! அடிமையா இருந்து கப்பலிலை தப்பின அகதி! திரும்பிப் போய் அரண்மனைக்கு முன்னாலை நெஞ்சை நிமித்தி நிண்டவர்!"

நாற்பது நிமிடம். பாதியில் சோபாவில் ஏறிவிட்டேன். பிள்ளைகள் பிட்டை மறந்து கைதட்டினார்கள். ஊரில் கட்சிக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கிய பழக்கதோஷம், முடிவில் கேட்டேன்: "தீர்மானம் ஏதும் உண்டோ?"

எமில்டா கையுயர்த்தினாள். "இருக்கு. வாற ஞாயிறு கோயில் ஊர்வலத்திலை பற்றிக் வேஷம் போட்டு நடக்க இவரை முன்மொழியிறன்."

பன்னிரண்டு பிள்ளைகள் வழிமொழிந்தார்கள். நான் எதிர்க்க வாயெடுத்தேன்.

"தலைவருக்கு வாக்கில்லை. நீங்கள் சொல்லித் தந்ததுதான்," என்றவள், போன கிழமையே அச்சடித்த ஊர்வல நிகழ்ச்சிநிரலைச் சீமோனிடம் நீட்டினாள். அவர் எழுந்தார். இந்த முறை ஒருவரும் போகவில்லை. பெற்றார் எல்லோர் முன்னிலும் உரக்க வாசித்தார்:

"புனித பற்றிக்: தோழர் சச்சிதானந்தன்."