சும்மா அண்ணை

ஸ்காபரோவில் ‘சும்மா’ என்ற சொல்லோடு சண்டை பிடித்த ஒரே மனிதர் எங்கள் மாடிக் கட்டடத்துச் சும்மா அண்ணைதான். “என்ன அண்ணை, சும்மா நிக்கிறியள்?” என்று லிப்டில் யாராவது வாய்தவறிக் கேட்டால், அவர் விளக்கி முடிப்பதற்குள் இறங்கவேண்டிய மாடி அவர்களைத் தாண்டிப் போய்விடும்.

நகர மையத்து ஆய்வுகூடம் ஒன்றில் அவருக்கு வேலை. உயிரணுவுக்குள் சில ஆர்.என்.ஏ., புரதம் செய்வதற்கான குறிப்பைக் கொண்டுபோகும். மற்ற எத்தனையோ வகை அப்படி எதையும் கொண்டுபோவதில்லை. அந்த மற்ற வகைமேல்தான் அண்ணைக்குத் தீராத பைத்தியம்.

“அப்ப உது சும்மாதானே இருக்கு?” என்று நானும் ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

“ஆர் சொன்னது? எந்தப் புரதம் எவ்வளவு வேணும், எப்ப நிப்பாட்டவேணும் எண்டு பாக்கிறதுகளும் உதுக்குள்ளை இருக்கு. உது பிசகினால் நரம்புக்கு என்ன நடக்குது எண்டுதான் தேடுறம்.”

“கண்டுபிடிச்சாச்சோ?”

“எங்கை? கொஞ்சம்தான் தெரியும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “மலருக்கு முத்துறதுக்கு முதல் கண்டுபிடிக்கவேணும்.”

மலர் அக்கா அவர் மனைவி. அப்போதே அக்காவுக்கு மறதி நோய் தொடங்கியிருந்தது.

வோபர்ன் பகுதியில் ஒரு கலியாணம். சமையலறை வாசலில் பெண்ணின் மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“உவர் சமைக்கிறாரோ?” என்று அண்ணை என்னைக் கேட்டார்.

“இல்லை அண்ணை.”

“பரிமாறுறாரோ?”

“இல்லை.”

“அப்ப உவரை உதிலை இருந்து எடுத்துப் பாப்பம், என்ன நடக்குது எண்டு.”

மாமாவின் தோளில் கைபோட்டு, கதை கொடுத்து, கார் நிறுத்துமிடத்துக்கே கூட்டிப்போய்விட்டார். உள்ளே சோற்றுக்கு முதல் பாயாசம் வந்தது. முதல் பந்திக்கு வடை மலையாகக் குவிந்தது. அடுத்த பந்தி வெறும் இலையைப் பார்த்தபடி இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் கத்தத் தொடங்க, திரும்பி வந்த அண்ணை என் காதுக்குள், “சோதனை சரி” என்றார். அதற்குப் பிறகு அவரை யாரும் கலியாணத்துக்கு அழைப்பதில்லை. பக்கத்தில் நின்ற பாவத்துக்கு என்னையும்தான்.

மருந்து வரவில்லை. நோய்தான் முந்தியது. அக்காவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். போன மாதம் பார்க்கப் போனேன். அக்காவுக்கு என்னைத் தெரியவில்லை, அண்ணையையும் தெரியவில்லை. அவர் கட்டிலருகே கதிரையில் இருந்தார். அக்காவின் வாயில் சாப்பாடு தீத்திக்கொண்டிருந்த தாதிப் பிள்ளை சொன்னாள்: “அங்கிள் ஒண்டும் செய்யிறேல்லை. ஆனா அவர் வராட்டி அன்ரி வாய் திறக்கமாட்டா. ஏனெண்டு எங்களுக்கே விளங்கேல்லை.”

எனக்கும் விளங்கவில்லை. “உதிலை இருந்து என்ன அண்ணை செய்யிறியள்?” என்றேன்.

அவர் அக்காவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“சும்மா இருக்கிறன்.”

ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, அவருக்குப் பக்கத்தில் நானும் சும்மா இருந்தேன்.