நிலுவையில் ஒன்று

ஒன்றே ஒன்றுதான் மிச்சம். காலையில் முந்நூற்றுப் பன்னிரண்டாக இருந்த நிலுவைப் பட்டியல், மத்தியானம் இரண்டரை மணிக்கு ஒன்றில் வந்து நின்றது. அந்த ஒன்று மட்டும் நகர்வேனா என்று திரையின் நடுவில் உட்கார்ந்திருந்தது.

அவளுக்குச் சொந்தப் பெயர் உண்டு. சம்பளச் சீட்டில் அச்சாகியிருக்கும். ஆனால் ஆறு வருடமாக ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் பெண்டிங் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் கூசாமல் அக்கா என்றார்கள். டாக்டர்கள் கம்ப்யூட்டரில் எழுதிவிட்டு மறந்துபோகிற ரத்தப் பரிசோதனைகளை, எடுத்தாச்சா, இல்லையா, ஏன் இல்லை என்று தேடிப் பிடித்து முடித்து வைப்பது அவள் வேலை. எழுதுகிறவர் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுவார். முடிக்கிறவளுக்கு நாக்குத் தள்ளும்.

நாக்குத் தள்ளி ரொம்ப நாளாகிறது. இன்று காலை லிஃப்டில் நின்றபடியே கண்ணயர்ந்து, இரண்டாவது மாடியில் இறங்க வேண்டியவள் ஏழாவது மாடி வரை போய்த் திரும்பினாள். "நான் பேசிக்கிட்டிருக்கும்போதே தூங்கிடறே" என்று வீட்டில் கணவர் குறைபட்டுக்கொண்டார். அவர் பேச்சுக்கு அது தகுந்த மரியாதைதான் என்றாலும், அவள் வேண்டுமென்று செய்யவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால், கேன்டீன் வரிசையில் நின்ற ஒரு டாக்டரிடம், "எந்நேரமும் அசதியாவே இருக்கு டாக்டர்" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல் எதையோ தட்டிக்கொண்டே, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார். அத்தோடு சரி.

கடைசியில் அவளே வைத்தியம் கண்டுபிடித்து, பத்து நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தாள்.

"எங்க போறீங்க?" என்று மேலாளர் அம்மா கேட்டார்.

"எங்கயும் இல்ல மேடம். தூங்கப் போறேன்."

"இன்னைக்கு நாலு மணிக்கு லிஸ்ட்ல பூஜ்யம் காட்டுங்க, கையெழுத்து போடறேன். போன வருஷம் மாதிரி மூணுதான் மிச்சம்னு வந்து நிக்காதீங்க."

போன வருடம் அந்த மூன்றால் லீவு போயிற்று. இந்த வருடமும் போனால் அவள் இந்த நாற்காலியிலேயே சரிந்துவிடுவாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மிச்சமிருந்த ஒன்றை உற்றுப் பார்த்தாள். தொண்ணூற்று மூன்று நாளாக எடுக்கப்படாத ரத்தம். நோயாளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக ஆறு நட்சத்திரங்கள்.

பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். "நட்சத்திரம் போட்டிருந்தா பெரிய இடம்க்கா. மந்திரி, நடிகர் அந்த மாதிரி. பேர் வெளிய தெரியக் கூடாதுன்னு மறைச்சிருப்பாங்க."

"பெரிய இடத்துக்கு ஒரு ட்யூப் ரத்தம் குடுக்க மூணு மாசமா நேரமில்லையா?"

"நீங்க கேப்பீங்களா அவங்களை?"

கேட்க மாட்டாள். அதனால் 'ரத்தம் எடுத்தாயிற்று' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். பொய்தான். பத்து நாள் தூக்கத்துக்கு அந்தப் பொய் அதிகமில்லை. பட்டியல் பூஜ்யம் காட்டியது. அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

தொலைபேசி அடித்தது. லேப்காரர். ஆறு வருடமாகத் தினமும் சண்டை போடுகிற குரல். முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"பெண்டிங் அக்கா, எடுத்தாச்சுன்னு வந்திருக்கு. ட்யூப் எங்க?"

"வரும்ண்ணே."

"எப்ப?"

"தெரியாம டிக் பண்ணிட்டேன். திருப்பி அனுப்பிடுங்க."

"திருப்பி அனுப்ப எனக்குப் பட்டன் இல்லையே. 'தொலைந்துவிட்டது'ன்னு வேணா போடலாம்."

"போட்டுத் தொலைங்க."

போட்டார். மென்பொருள் பொறுப்பானது. ரத்தம் தொலைந்தால் புதிதாக எடுக்க வேண்டுமல்லவா? தானாகவே இன்னொரு ஆர்டர் எழுதிக்கொண்டது. பழையதையும் விடவில்லை. நிலுவை இரண்டு. கூடவே, ரத்தத்தைத் தொலைத்தவர் யார் என்று ஒரு புகாரும் திறந்து, அதில் அவளுடைய ஊழியர் எண்ணைத் தானே நிரப்பி வைத்திருந்தது.

இரண்டையும் ரத்து செய்துவிடலாம் என்று முடிவு செய்தாள். ரத்துக்குக் காரணம் கேட்டது. நோயாளி மறுத்தார், நோயாளி வரவில்லை, நோயாளி இறந்தார், இதர. 'வரவில்லை'யைக் குறிவைத்துத்தான் போனாள். பாதி வழியில் இமை சரிந்தது. விரல் ஒரு வரி கீழே இறங்கியது. 'உறுதியாகத் தெரியுமா?' என்று மென்பொருள் கேட்டது. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அதையே கேட்டால் யார் படிப்பார்கள்? 'ஆம்' என்றாள்.

நிலுவை பூஜ்யம். மறுபடியும் தொலைபேசி. இந்த முறை மெதுவான, பதமான ஒரு குரல்.

"மார்ச்சுவரியில இருந்து பேசறேன்க்கா. வண்டியை எந்த வார்டுக்குக் கொண்டு வரணும்?"

"எதுக்கு?"

"இறந்தவங்களை எடுக்கத்தான்."

திரையைப் பார்த்தாள். நட்சத்திரங்களைச் சுற்றி இப்போது ஒரு கறுப்புக் கட்டம்.

"அண்ணே, யாரும் சாகல. கை தவறிடுச்சு."

"அப்படிச் சொன்னா எப்படிக்கா? ஃபார்ம் என் கைக்கு வந்திருச்சு. ஆள் இல்லாம ஃபார்மை மூட முடியாது. எனக்கும் பெண்டிங் லிஸ்ட் இருக்கு."

அந்த நியாயம் அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"மந்திரியைக் கொன்னுட்டீங்களேக்கா" என்றாள் பக்கத்து மேஜைக்காரி, கொஞ்சம் மரியாதையோடு.

மூன்று மணிக்கு மார்ச்சுவரிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தே விட்டார். அவள் மேஜையோரம் ஓசைப்படாமல் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றார். எந்த வார்டு என்று தெரியும் வரை இங்கேயே இருப்பதாகச் சொன்னார். வண்டியில் வெள்ளை விரிப்பு மடிப்புக் கலையாமல் நீளமாகக் கிடந்தது. எவ்வளவு வசதியாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அழுகை வந்தது. அழுவதற்கும் தெம்பு வேண்டியிருந்ததால் விட்டுவிட்டாள்.

ஆர்டர் எழுதிய டாக்டருக்குத் தகவல் அனுப்ப ஒரு பட்டன் இருந்தது. 'நோயாளி இறந்ததாகத் தவறுதலாகக் குறித்துவிட்டேன். தயவுசெய்து உயிர்ப்பிக்கவும்' என்று எழுதி அனுப்பினாள்.

பதில் மூன்றரைக்கு வந்தது. 'உயிரோடுதான் இருக்கிறார். காலையில் லிஃப்டில் பார்த்தேன், பார்க்கவே பாவமாக இருந்தது. கடுமையான அசதி. ரத்தம் இன்றே எடுக்க வேண்டும். அவசரம்.'

செத்தவர் பிழைத்தார். பிழைத்தவரோடு பழைய ஆர்டரும், தொலைந்ததற்கான ஆர்டரும், சிவப்பு எழுத்தில் அவசர ஆர்டர் ஒன்றும் சேர்ந்து வந்தன. நிலுவை மூன்று. போன வருடத்துக் கணக்கு துல்லியமாகத் திரும்பிவிட்டது.

"அசதியாம்" என்றாள் அவள். "இந்த நாற்காலியில ஒரு நாள் வந்து உக்காரச் சொல்லுங்க அவரை. அசதின்னா என்னன்னு தெரியும்."

"அதானே" என்றார் மார்ச்சுவரிக்காரர்.

பக்கத்து மேஜைக்காரி அங்கே இல்லை. மந்திரி லிஃப்டில் போகிறார் என்று தெரிந்ததுமே தலையைச் சீவிக்கொண்டு மாடி மாடியாகத் தேடப் போய்விட்டாள். சேதி அவளைவிட வேகமாகப் போயிற்று. மேலாளர் அம்மாவே தொலைபேசியில் வந்தார்.

"பில்டிங்ல யாரோ பெரிய ஆள் இருக்காங்களாமே? உங்க லிஸ்ட்ல இருக்கறவங்களாமே?"

"ஆமா மேடம்."

"ரத்தம் எடுக்காம வெளிய விடாதீங்க. எடுத்துட்டு லீவைப் பத்திப் பேசுவோம்."

அவள் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இனி எதையும் தட்டப் போவதில்லை. தட்டினால் நாலாகும்.

"பெண்டிங் அக்கா யாரு?"

பழகிய குரல், பழகாத முகம். ஊசியும் ட்யூபும் அடுக்கிய தட்டோடு ஒல்லியான, நரைத்த மனிதர் ஒருவர் நின்றார்.

"லேப் அண்ணனா?"

"நான்தான். ஃபோன்ல கேட்டா நீங்க பெரிய ஆகிருதியா இருப்பீங்கன்னு நினைச்சிருந்தேன்." தட்டை மேஜையில் வைத்தார். "அவசரம்னு வந்ததும் ட்யூப்ல ஒட்டற லேபிள் தானா அச்சாயிடுச்சுக்கா. அதுல நட்சத்திரம் கிடையாது, முழுப் பேர். மந்திரியும் இல்ல, நடிகரும் இல்ல. நம்ம ஊழியர்தானாம். நம்ம ஆளுங்க பேரையும் இது மறைச்சுத்தான் காட்டுமாம், எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

"யாராம்?"

"அதுதான் தெரியல. இந்த மாடின்னு போட்டிருக்கு. இந்தப் பேர்ல யாரையும் தெரியாதுங்கறாங்க எல்லாரும். நீங்க பார்த்துச் சொல்லுங்க. ஆளைக் காட்டிட்டா ஒரே குத்துல மூணு ஆர்டரும் முடிஞ்சுரும். நாலு மணிக்கு உங்க லிஸ்ட் காலி."

அவள் லேபிளை வாங்கிப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். திரையில் மணி மூன்று ஐம்பத்தாறு. இடது கை ஸ்வெட்டரை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டு, கையை மேஜைமேல் நீட்டினாள்.

லேப்காரர் ரப்பர் பட்டையை எடுத்துக் கட்டினார்.

மார்ச்சுவரிக்காரர் அவளைப் பார்த்தார், கையிலிருந்த ஃபார்மைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"அப்ப நான் ஒரு மணி நேரமா இங்க காத்துக்கிட்டு நிக்கறது உங்களைக் கூட்டிட்டுப் போகத்தானாக்கா?"