பெண்களின் குரலுக்கு இரண்டு நிமிடம்

அன்புள்ள மார்வா அக்காவுக்கு,

தங்கை நெட்ரா எழுதுவது. யூட்டாவில் நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு நலம். அரிசோனாவில் நீயும் அத்தானின் சர்க்கரையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனி என் வயிற்றெரிச்சல்.

போன மாதம் எங்கள் பிஷப் கூப்பிட்டு, "சிஸ்டர், ஞாயித்துக்கிழமை ஆராதனையில நீங்க எட்டு நிமிஷம் பேசணும். தலைப்பு, சபையில் பெண்களின் குரல்" என்றார். முப்பது வருடமாகச் சாவு வீடுகளுக்கெல்லாம் சீஸ் போட்ட உருளைக்கிழங்குத் தட்டோடு போய் நிற்கிற எனக்குக் குரல் இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ! உடனே என் மகள் ஆஷ்லினுக்குப் போன் போட்டேன். அவள் சபைப் பக்கம் வந்து ஆறு வருடம் ஆகிறது. கடைசியாக வந்த அன்றைக்கு ஞாயிறு வகுப்பில் எழுந்து, "பரலோகத்துல தகப்பனோட நமக்கு ஒரு அம்மாவும் இருக்காங்கன்னு நம்ம சபைப் பாட்டுலயே பாடறோமே, அவங்களைப் பத்தி ஏன் யாரும் வாயே திறக்கறதில்ல?" என்று கேட்டாள். உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து கைப்பையில் மிட்டாய் தேடினேன். அதற்குத்தான் இப்போது எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்றேன். "நிஜமா சொல்லுவியாம்மா? அப்போ வரேன்" என்றாள்.

வந்தாள், அக்கா! பேண்ட் போட்டுக்கொண்டு, அத்தனை கழுத்தும் திரும்ப, கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஆண்தான் கடைசியில் பேசுவது வழக்கம். அன்றைக்கென்று பார்த்து, மேலிடத்திலிருந்து வந்த பிரதர் ஓல்சன் வேறொரு சபைக்கு அவசரமாகப் போகவேண்டுமாம்; முதலில் ஏறினார். பெண்களின் குரலைக் கேட்க வேண்டும் என்று முப்பத்தைந்து நிமிடம் பேசினார். அம்மா, மனைவி, நான்கு மகள்கள், பண்ணையில் இருந்த பெண்குதிரை, ஒருவரையும் விடவில்லை. நடுவில் அழுதார் வேறு. பிறகு பிஷப் என் காதருகே, "ரெண்டு நிமிஷம் இருக்கு சிஸ்டர், சின்னப் பிள்ளைங்கல்லாம் பசியில இருக்கு" என்றார். என் உயரத்துக்காகப் பொத்தானை அமுக்கிப் பிரசங்க மேசையை, அது முனகமுனக, இறக்கினார். நான் எழுதிக் கொண்டுபோயிருந்த நான்கு பக்கத்தையும் மடித்தேன். "பிரதர் ஓல்சனின் அருமையான பேச்சுக்கு நன்றி. ஆமென்." ஆஷ்லின் எழுந்து போய்விட்டாள்.

வெளியே வந்தால், அவசரமாகப் போகவேண்டிய அந்த மனிதர் நின்று கைகுலுக்குகிறார். "உங்க அடக்கமே ஒரு பிரசங்கம், சிஸ்டர்!" பின்னாலேயே பிஷப்: "வெள்ளிக்கிழமை ஒரு அடக்கம் இருக்கு, நாப்பது பேருக்கு உருளைக்கிழங்கு..."

"முடியாது" என்றேன். அறுபத்திரண்டு வயதில் முதல் தடவை! என் பெண்ணை இரண்டாம் முறையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள், அக்கா. என் மேல் என்ன தப்பு, நீயே சொல்.

அத்தானுக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். பரலோகத் தகப்பன் உங்களைக் காக்கட்டும். பேச விட்டால் அம்மாவும்.

உன்
நெட்ரா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது ஆஷ்லின் வந்தாள். மேஜையில் கிடந்த அந்த நான்கு பக்கத்தையும் நின்றபடியே படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கம்மா" என்றாள்.

"எனக்கு நேரமே விடலடி" என்றேன்.

"அந்த ஆளுக்கு நன்றி சொல்ல நேரம் இருந்துச்சில்ல?"

பதிலுக்காக என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் குனிந்து கைப்பையில் தபால்தலை தேடினேன்.